பம்பாய் நாடிய கொங்கணர்

ஊரை விட்டு மக்கள் பெருநகருக்கு ஏன் செல்கின்றனர் என்று வினவினால் எவரும் தயங்காது விடை கூறுவர். ஊரில் வறுமை, நகரில் வேலை. ஊரில் இருள், நகரில் ஒளி. பள்ளி மாணவனும் பொருளியற் பேராசிரியரும் ஏறக்குறைய இவ்விடையையே வெவ்வேறு சொற்களாற் கூறுகின்றனர். 1885ஆம் ஆண்டில் றேவன்ஸ்ரைன் என்பார் இலண்டன் புள்ளிவிபரக் கழகத்தின் வெளியீட்டிற் குடிபெயர்ச்சியின் விதிகள் என ஒரு கட்டுரை வரைந்தார். அக்காலந் தொட்டு, ஊரிலிருந்து தள்ளும் விசையென்றும் நகரை நோக்கி இழுக்கும் விசையென்றும் இரண்டு விசைகளை நிறுத்தி, அவற்றின் நடுவே மனிதனைக் கூழாங்கல்லைப் போல உருட்டிவிடுவது அறிஞர் வழக்காயிற்று. இவ்விளக்கம் பொய்யன்று. ஆயின், அது விளக்கவேண்டியவற்றுட் பாதியை விளக்காது விட்டுவிடுகின்றது. வறுமை எங்கும் இருக்கவும், சில ஊரார் மட்டும் பெருந்தொகையாகப் புறப்படுவானேன்? புறப்பட்டோரும் ஆண்டுதோறும் திரும்பி வருவானேன்? நகரிலே இருபது முப்பது ஆண்டு உழைத்தவன், இறுதியில் தன் எலும்பை ஊருக்கே கொண்டுவர விரும்புவானேன்?

இவ்வினாக்களைப் பொதுவில் ஆராய்வதினும் ஒரு நகரை எடுத்து நோக்குதல் நன்று. ஆசியாவின் பெருநகரங்களுள், வந்தேறியோரின் வரலாறு மிகத் தெளிவாகப் பதிவுபெற்றது பம்பாய். இன்று மும்பை என வழங்கும் அந்நகரின் பஞ்சாலைத் தொழிலாளரையும், அவர்களுட் பெருந்தொகையினரை அனுப்பிய இரத்தினகிரி மாவட்டத்தையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

பம்பாய் தொன்மையான நகரன்று. போர்த்துக்கேயர் கையிலிருந்த ஏழு சிறு தீவுகள், 1661ஆம் ஆண்டில் இரண்டாம் சாள்ஸ் மன்னன் போர்த்துக்கேய இளவரசி கதரீனை மணக்க உடன்பட்டபோது சீதனத்தின் ஒரு பகுதியாக ஆங்கில முடிக்குக் கிடைத்தன. முடியோ 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண் குத்தகைக்கு அவற்றைக் கிழக்கிந்தியக் கும்பனிக்குக் கொடுத்துவிட்டது. வாணிகரும் கைவினைஞரும் கப்பல் கட்டுவோரும் படிப்படியாக வந்து சேர்ந்தனர். நகரைப் பெருநகராக்கியது பருத்தியாகும். 1853ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதற் பிரயாணிகள் புகையிரதம் போரி பந்தரிலிருந்து தானா வரை 21 மைல் தூரம் ஓடிற்று. அடுத்த ஆண்டிலே கவாஸ்ஜி நானாபாய் தவார் என்னும் பார்சி வணிகர் நூலாலை ஒன்றை நிறுவும் முயற்சியைத் தொடங்க, அது 1856இல் இயங்கலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் காரணமாக 1861 முதல் 1865 வரை அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்லாது தடைப்பட்டது. அந்நான்காண்டும் பம்பாயிற் பொன்மழை பொழிந்தது என்றே கூறலாம். 1864ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு 8 இலட்சத்து 16 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். போர் முடிந்து விலை வீழ்ந்தபின், 1872இல் எண்ணியபோது இருந்தவர் 6 இலட்சத்து 44 ஆயிரவரே. வாழ்வு வந்தபோது கூடினோர், அது போனபோது தம் வழி போயினர். இந்நகரின் மக்கள் நிலைகொண்ட மக்களல்லர் என்பதற்கு இஃது முதற் சான்று.

அதன்பின் வளர்ச்சி ஆலைகளோடு வந்தது. 1869இற் சுயெசுக் கால்வாய் திறக்கப்பட்டது; பம்பாய் நூல் சீனச் சந்தைக்குச் சென்றது; ஆலைப் புகைபோக்கிகள் பைகுல்லா, பறேல், லால்பாக், வோர்லி எனப் பரவின. மராட்டியர் அப்பகுதியைக் கிர்ணகாவ், அதாவது ஆலைகளின் ஊர் என்றனர். நகரின் நடுவில் அமைந்ததற்கும் ஊர் என்றே பெயரிட்டமை கருதத்தக்கது. 1920களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அவ்வாலைகளில் வேலை செய்தனர். அவ்வேளை நகரின் சனத்தொகை 11 இலட்சத்து 75 ஆயிரம். அவர்களுட் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் வேறிடங்களிற் பிறந்தவர்கள். இரத்தினகிரி என்ற ஒரு மாவட்டத்திற் பிறந்தோர் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேலாவர்.

இரத்தினகிரி எத்தகைய நாடு? சையாத்திரி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கொங்கணக் கரையின் தென்பகுதி அது. மழைக்குக் குறைவில்லை, பெய்யும் மழையைத் தாங்கும் மண்ணுக்கே குறைவு. செம்பூரான் கல்லாலாய மேட்டு நிலங்களில் மழைநீர் மண்ணையும் உடன்கொண்டு கடலுக்கு ஓடிவிடும். பள்ளத்தாக்குகளில் நெல் விளையும். சரிவுகளிற் குரக்கனும் வரகும் சாமையும், சிலவிடங்களில் நம் நாட்டுச் சேனைப் பயிரை ஓரளவு ஒத்த முறையில், காடு வெட்டி எரித்து விதைக்கப்பட்டன. விளைந்தது ஆண்டு முழுவதும் உண்ணப் போதாது. போதாமையைப் பெருக்கியது கோதி முறை. கோத் எனப்பட்டவர் அரசிறையைத் திரட்டிக் கொடுக்கும் பரம்பரை உரிமையாளர். காலப்போக்கில் அவர் கிராமத்தின் ஆண்டையாகவே ஆனார். குடியானவன் விளைவில் மூன்றிலொன்றோ பாதியோ அவருக்கு அளக்கவேண்டும். அழைத்தபோது கூலியின்றி வேலையும் செய்யவேண்டும்.

இவ்வளவும் கேட்டவர், தள்ளும் விசை கிடைத்துவிட்டது என்பர். 1929இல் நியமிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழுவும் அவ்வாறே கருதிற்று. விற்லி என்பாரைத் தலைவராகக் கொண்ட அக்குழு 1931இல் வெளியிட்ட அறிக்கையிலே, தொழிலாளி நகரால் இழுக்கப்பட்டவனல்லன், ஊரினின்றுந் தள்ளப்பட்டவனே என்னும் முடிவுக்கு வந்தது. கருணையுள்ள முடிவுதான். ஆயினும் முழுமையுடையதன்று.

முதலாவது, மிக வறியவனால் நகருக்குச் செல்ல முடியாது. கப்பற் கூலி வேண்டும். சென்றிறங்கிய இரவில் தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். ஆலைக் கூலி திங்களுக்கொருமுறை, அதுவும் திங்கள் முடிந்து பல நாள் கழித்தே கொடுபட்டது. ஆகவே புதிதாக வந்தவன் ஏறக்குறைய ஆறு கிழமைக்குக் கடனில் உண்ணவேண்டும். முகமறியாதவனுக்கு எந்தக் கடைக்காரன் கடன் கொடுப்பான்? ஆலைவாயிலில் ஆளெடுப்பவன் ஜொபர் எனப்பட்ட மேற்பார்வையாளன். நம் நாட்டுத் தோட்டங்களின் கங்காணியை அறிந்தவர்க்கு அவனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்; வேறுபாடு என்னவெனில், கங்காணி கடல்கடந்து ஊருக்கே சென்று ஆள் திரட்டினான்; ஜொபருக்கு அந்தச் சிரமம் பெரிதும் இருக்கவில்லை. ஆட்கள் தாமாகவே, முன்சென்ற அண்ணனையோ மாமனையோ பற்றுக்கோடாகக் கொண்டு அவன் முன் வந்து நின்றனர். ஒரு கிராமத்தார் ஓர் அறையிலே கூடி வாழ்ந்தனர். சால் எனப்படும் நெடிய தொடர்மனைகளில், பத்தடிக்குப் பத்தடி அளவான அறைகளில், இரவு வேலைக்காரன் எழுந்த பாயிற் பகல் வேலைக்காரன் படுத்தான். ஆகவே நகருக்குச் செல்லும் வழி நிலப்படத்திலுள்ள வழியன்று; உறவின் வழியேயாம். சமமாக வறுமையுற்ற இரண்டு ஊர்களுள் ஒன்று ஆளனுப்புவதும் மற்றது அனுப்பாதிருப்பதும் இதனாலேயே. இரத்தினகிரியார்க்கு வெளிச்சென்று உழைத்தல் ஆலைகளோடு தொடங்கியதன்று. பம்பாய்ப் படைக்கு அம்மாவட்டம் நெடுங்காலம் போர்வீரரை அளித்தது. படைக்குச் சென்றவன் காட்டிய பாதையிலே ஆலைக்குச் சென்றவன் நடந்தான்.

இரண்டாவது, இதுவே என் கருத்தில் முதன்மையானது. அவர்கள் ஊரை விட்டுச் சென்றவர்களல்லர். ஊரை விடாதிருக்கும் பொருட்டுச் சென்றவர்கள். சிறு நிலத்தை வைத்திருக்கும் குடும்பம் கோத்துக்குக் குத்தகை அளக்கவேண்டும். கடனுக்கு வட்டி கொடுக்கவேண்டும். மகளுக்கு மணம் முடிக்கவேண்டும். நிலத்தின் விளைவு இவற்றுக்குப் போதாது. நிலத்தை விற்றாலோ அல்லது குத்தகையுரிமையை இழந்தாலோ ஊரில் நிலையில்லை. எனவே ஆண்மக்களுள் ஒருவனை, சில குடும்பங்களில் இருவரை, நகருக்கு அனுப்புவது நிலத்தைக் காப்பாற்றும் உபாயமாயிற்று. இது தனியொருவன் செய்த தெரிவன்று. அடுப்பங்கரையிற் குடும்பம் கூடிச் செய்த தெரிவு. யார் போவது, யார் இருப்பது, எவ்வளவு அனுப்புவது, எப்போது திரும்புவது என்பன வீட்டிலேயே முடிவாயின. 1880இல் இந்திய அஞ்சற் பகுதி காசுக்கட்டளை முறையைத் தொடங்கியபின், பறேலில் ஈட்டிய பணம் மலைச்சரிவிலுள்ள சிற்றூரின் வாசற்படிக்கே சென்று சேரலாயிற்று.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1905இற் புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் கொழும்புக் கந்தோர்களுக்கும், அதற்கு முன்னும் பின்னும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்க சேவைக்கும் சென்ற நம்மவரும், தோட்டக்காணியை மீட்கவும் கல்வீடு கட்டவும் தங்கையரைக் கரைசேர்க்கவுமே சென்றனர். நம் நாட்டை ஒரு காலத்திற் காசுக்கட்டளைப் பொருளாதாரம் என ஏளனமாகவும் பெருமையாகவும் கூறினர். ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம்மவர் ஆங்கிலக் கல்வியை மூலதனமாகக் கொண்டு எழுதுவினைஞராகச் சென்றனர். கொங்கணர் தம் இரு கைகளை மட்டும் கொண்டு சென்றனர். ஓய்வூதியம் பெற்று மீண்ட மலாயாப் பென்சன்காரர் எங்கே, பஞ்சுத் தூசியால் நெஞ்சு பழுதுற்று மீண்ட ஆலைத் தொழிலாளி எங்கே!

கூறியதற்குச் சான்று என்ன என்று கேட்கலாம். மிகப் பெரிய சான்று 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய். அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திற் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் பகுதியில், தானியக் களஞ்சியங்களின் நடுவே, பிளேக்கு நோய் தோன்றியதை அக்காசியோ வியேகஸ் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். நோய் பரவியது, அதனினும் விரைவாக அச்சம் பரவியது. வீடுகளுட் புகுந்து நோயாளரைப் பலவந்தமாகக் கொண்டுசெல்லும் அரசின் நடவடிக்கைகள் நோயினும் மிகுதியாக மக்களை வெருட்டின. 1897இன் தொடக்க மாதங்களுக்குள் நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர். புகையிரத நிலையங்களிலும் கப்பற்றுறைகளிலும் மூட்டை முடிச்சுகளோடு மக்கள் மொய்த்தனர். ஆலைகள் வெறுமையாயின. திங்கட் கூலியைப் பல நாள் தடுத்துவைத்துப் பழகிய ஆலை முதலாளிகள், எஞ்சியிருந்த தொழிலாளரைத் தெருமுனைகளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு நாட்கூலிக்கு ஏலம் எடுக்கும் நிலைக்கு வந்தனர். அந்தச் சில மாதங்களைப்போல இன்பமான காட்சி ஆலைத் தொழிலாளர் வரலாற்றில் அரிதே. ஆனால் அவ்வின்பம் சவங்களின் நடுவே கிடைத்தது.

இங்கு கவனிக்கவேண்டியது யாதெனில், சென்றவர்கட்குச் செல்ல ஓரிடம் இருந்தது. நகரில் வேரூன்றிய ஏழை எங்கே ஓடுவான்? ஓடியவர்கள் திரும்பியும் வந்தனர். பிளேக்கு ஒரே ஆண்டில் நீங்கவில்லை. ஆண்டுதோறும் வந்து பல்லாயிரவரைக் கொன்றது. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 7 இலட்சத்து 76 ஆயிரமாக, பத்தாண்டுக்கு முன்னிருந்த 8 இலட்சத்து 22 ஆயிரத்திலும் குறைந்திருந்தது. 1911இலோ 9 இலட்சத்து 79 ஆயிரம். நோய் முற்றாக நீங்குமுன்னரே வந்துவிட்டனர். இறப்பார் என்று தெரிந்தும் ஏன் வந்தனர்? இங்கே தள்ளும் விசை, இழுக்கும் விசை என்னும் கணக்கு ஒருபுறம் நிற்கட்டும். ஊரில் அறுவடையும் முடிந்தது, கடன் முடியவில்லை, காசுக்கட்டளை வராத வீடு கோத்தின் வாசலில் நின்றது. ஆகவே வந்தனர்.

இதனை உறுதிசெய்யும் வேறு குறிப்புகளும் உள. 1921இற் பம்பாயில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 525 பெண்களே வாழ்ந்தனர். இரத்தினகிரியிலோ ஆண்களினும் பெண்கள் மிகுந்திருந்தனர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், ஒரே குடும்பம் கடலோரத்தின் இரு முனைகளிற் பிரிந்து கிடப்பது கண்முன் தோன்றும். அக்காலத்துச் சிசு மரண வீதம் பற்றிய கணக்கும் ஆராய்தற்குரியது. 1921இற் பம்பாயிற் பிறந்ததாகப் பதிவான ஆயிரம் குழந்தைகளுக்கு அறுநூறுக்கு மேற்பட்ட குழந்தை மரணங்கள் பதிவாயின. நெஞ்சை உலுக்கும் எண். மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஓரறை மனைகளில் நெருங்கி வாழ்ந்த நகரில் மரணம் மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண் சற்றே மிகைப்படக் காட்டுகின்றது. என்னை? பெண்டிர் பலர் பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்றனர். பிறப்பு ஊரிலும், குழந்தையோடு திரும்பியபின் நேர்ந்த இறப்பு நகரிலும் பதிவாயின. புள்ளிவிபரத்தின் பிழையிலேகூட ஊருக்கும் நகருக்குமிடையில் நடந்த போக்குவரவு ஒளிந்திருக்கின்றது.

ஆலை முதலாளிகள் இப்போக்குவரவை ஓயாது குறைகூறினர். தொழிலாளி அரைக் குடியானவன். வேனிற்காலத்தில் மணவிழாவுக்கும் வயல் திருத்தவும் ஊருக்கு ஓடிவிடுகின்றான். கைத்தொழில் ஒழுங்கு அவனுக்குப் பழகவில்லை என்றனர். 1965இல் மொறிஸ் டேவிட் மொறிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஆலைகளின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து இக்குறையை மறுத்தார். தொழிலாளிக்குப் பற்றாக்குறை என்றும் இருந்ததில்லை. ஒருவன் ஊர் சென்றால் அவனிடத்திற் பதிலி நிற்பான். ஒழுங்கின்மை தொழிலாளியின் இயல்பன்று, ஆலையின் ஏற்பாடே அத்தகையது என அவர் காட்டினார். பின்வந்த இராஜநாராயண் சந்தாவர்க்கர் 1994இல் வெளியிட்ட நூலில் இன்னுமொருபடி சென்றார். நகரில் வேலை நிலையற்றதாக இருந்தபடியாலேயே தொழிலாளர் ஊரைக் கைவிடாது பற்றிக்கொண்டனர் என்பது அவர் கொள்கை. எனக்கு இது பொருத்தமாகவே தோன்றுகின்றது. நாளை வேலை உண்டோ என்பதை அறியாதவன் ஊரிலுள்ள அரை ஏக்கரை ஏன் விடுவான்?

இந்த ஏற்பாட்டினால் யார் நன்மை பெற்றனர் என்ற கேள்வி மிக முக்கியமானது. தொழிலாளி பிறந்து வளர்ந்து பதினெட்டு வயதாகும்வரை அவனுக்குச் சோறிட்டது கிராமம். அவன் நோயுற்றபோது பராமரித்தது கிராமம். ஆலை வேலையை நிறுத்தியபோதும், முதுமையில் அவனை வெளியே தள்ளியபோதும், ஏற்றுக்கொண்டது கிராமம். இவற்றுள் எதற்கும் ஆலை ஒரு சதமும் கொடுக்கவில்லை. நன்கு வளர்ந்த உடல்களைப் பெற்று, தேய்ந்த உடல்களைத் திருப்பி அனுப்பியது. கூலி குடும்பத்தைத் தாங்கப் போதாதிருந்தமைக்கு, குடும்பம் வேறெங்கோ இருந்தது என்பதே அதன் சாட்டு. விற்லி ஆணைக்குழு ஊர்த்தொடர்பை அறுக்காது ஒழுங்குபடுத்திப் பேணவேண்டும் என விதந்துரைத்தபோது, அத்தொடர்பின் செலவை ஏற்பவர் யார் என்பதை அது ஆழ்ந்து ஆராயவில்லை.

அச்செலவைச் சுமந்தவருட் பெரும்பாலோர் பெண்கள். ஆடவர் சென்றபின் நாற்று நட்டவரும், சரிவிற் குரக்கன் விதைத்தவரும், கோத்தின் ஆளோடு வாதாடியவரும், முதியோரைத் தூக்கியெடுத்தவரும் அவர்களே. குடிபெயர்ச்சி வரலாறுகள் சென்றவனின் வரலாறாகவே எழுதப்படுகின்றன. இருந்தவளின் வரலாறு எழுதப்படுவது குறைவு. கைம்பெண்களும் கணவனாற் கைவிடப்பட்டோரும் சிலர் தாமே நகருக்கு வந்தனர். 1920களில் ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் பெண்கள். நூல் சுற்றும் பகுதிகளில் அவர்கள் மிகுதி. வேறு சிலர் தனியாக வாழ்ந்த ஆடவர்க்குச் சோறாக்கிப் போடும் காணாவள் என்னும் உண்டிச்சாலைகளைத் தம் ஓரறை மனைகளிலே நடத்தினர். கணவனை ஊரிலிருந்து நினைத்த மனைவியும், மனைவியை நகரிலிருந்து நினைத்த கணவனும் மராட்டியப் பாடல்களிற் பெருவழக்காயினர். சாத்தாராப் பகுதியிலிருந்து இளமையிற் குடும்பத்தோடு கால்நடையாகப் பம்பாய் வந்து, ஆலைப்பகுதியில் வாழ்ந்து, மக்கட் கவிஞராக விளங்கிய அண்ணாபாவு சாட்டே, ஊரில் விட்டுவந்த துணைவியை எண்ணும் தொழிலாளியின் பாட்டை, மராட்டியர்க்கு ஒரே மாநிலம் வேண்டி நிகழ்ந்த 1950களின் கிளர்ச்சிக்குரிய பாட்டாகவும் ஆக்கினார். பிரிவுத்துயர் அரசியலாகவும் மாறியது.

இதுவரை கூறியது எல்லார்க்கும் ஒருங்கே பொருந்துமா? பொருந்தாது. ஊரைக் காக்கச் சென்றோர் ஊரில் ஒரு நிலை உடையோர். ஊரில் இழிவு ஒன்றையே உடையோர்க்கு நகர் வேறு பொருள் தந்தது. அம்பேத்கரின் முன்னோர் ஊராகிய அம்படவே இரத்தினகிரி மாவட்டத்திலேயே உள்ளது. தந்தையார் படையிற் சுபேதாராயிருந்தவர். ஓய்வுபெற்றபின் குடும்பம் பம்பாய்க்கு வந்து, பறேலில் ஆலைத் தொழிலாளர் நடுவே ஒரு சாலிற் குடியிருந்தது. எல்பின்ஸ்ரன் பள்ளியிற் பயின்ற மகன் 1907இல் மெற்றிக்குலேசன் தேறினார். அவர் 1948இல் அரசியலமைப்பு மன்றத்திலே பேசும்போது, கிராமத்தை இந்தியாவின் உயிர்நிலையாகப் போற்றியோரை மறுத்துக் கடுமையாகக் கூறியதன் காரணம் அவர் வாழ்க்கையிலேயே உண்டு. எனினும் நகரும் அவர்க்கு முற்றாகக் கதவு திறக்கவில்லை. பம்பாய் ஆலைகளிற் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தீண்டாதார் எனப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. நெசவு நாடாவின் கண்வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்ததால், அவர்கள் வாய்பட்ட நாடாவைத் தொடமாட்டோம் எனச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் கோரிக்கைகளுள் இத்தடையை நீக்குவதும் இடம்பெறவேண்டும் என அம்பேத்கர் வற்புறுத்தினார். புகையிரதத்தில் ஏறியோருடன் சாதியும் பயணச்சீட்டின்றியே ஏறிவந்தது.

அவரே 1937இற் பம்பாய்ச் சட்டசபையிற் கோதி முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். 1938ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் பல்லாயிரம் குடியானவர் கொங்கணத்திலிருந்து வந்து பம்பாய்த் தெருக்களில் ஊர்வலஞ் சென்றனர். ஊரின் வழக்கைப் பேச நகருக்கே வரவேண்டியிருந்தது. நகரில் அவர்களை வரவேற்க உறவினர் இருந்தனர். 1949இலே கோதி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தென்னாட்டிலிருந்து சென்ற தமிழரையும் ஒருவரி குறிப்பிடல் தகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தோல் தொழிலாளர் தாராவியின் தோல் பதனிடும் நிலையங்களைச் சூழக் குடியேறினர். படித்த தமிழர் எழுதுவினைஞராகச் சென்று மாட்டுங்காவில் நிலைத்தனர். இவர்களது ஊர் ஒருநாட் கப்பற் பயணத்தில் எட்டுவதன்று. ஆதலின் அவர்கள் கோயிலையும் பள்ளியையும் அங்கேயே கட்டிக்கொண்டனர்.

ஊர்த்தொடர்பு தொழிலாளருக்குப் படைக்கலமாகவும் பயன்பட்டதை முதலாளிகள் எதிர்பார்த்திரார். 1928இல் வேலைநிறுத்தம் ஏப்பிரல் முதல் ஒக்ரோபர் வரை ஏறக்குறைய ஆறு திங்கள் நீடித்தது. சங்கங்களிடம் அத்தனை காலம் சோறிடப் பணம் இல்லை. தொழிலாளர் பலர் ஊர் சென்று மழைக்காலப் பயிரைச் செய்துகொண்டு காத்திருந்தனர். 1982ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் என்பாரின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோதும் அதுவே நிகழ்ந்தது. கூட்டங் கூட்டமாக ஊர் சென்றனர். இம்முறை காத்திருந்தது வீணாயிற்று. ஓராண்டு கடந்தும் முடிவில்லை. அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடிக்கப்பட்டதாகவே இல்லை. பல ஆலைகள் பின்னர் திறக்கவேயில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஆலை நிலங்களின் விலை நூலின் விலையினும் பன்மடங்கு உயர்ந்திருந்தது. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் இன்று வானளாவும் மாடிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. பீனிக்ஸ் ஆலையின் பெயர் அங்காடி ஒன்றின் பெயராக எஞ்சியுள்ளது.

ஆலைகள் போயின, போக்குவரவு போகவில்லை. 1981இல் இரத்தினகிரியின் தென்பகுதி பிரிந்து சிந்துதுர்க் மாவட்டமாயிற்று. 1998இற் கொங்கணப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. நகரில் உழைத்து ஊருக்கு அனுப்புவோனைக் கொங்கணத்தார் சாக்கர்மானி, அதாவது சேவகத்துக்குப் போனவன், என்ற பழைய பெயராலேயே இன்றும் அழைக்கின்றனர். 2020இற் புதிய கொள்ளைநோய் வந்து நகர் முடங்கியபோது சாக்கர்மானிகள் மீண்டும் ஊர் நாடினர். ஊரெல்லையில் அவர்களை விலக்கிவைத்துத் தங்கச்செய்யும் ஏற்பாடும் அப்போது எழுந்தது. 1897இல் ஓடியவர்களின் கொள்ளுப்பேரருட் சிலர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர் போலும். ஆண்டுதோறும் விநாயக சதுர்த்திக்கு மும்பையிலிருந்து கொங்கணத்துக்குச் சிறப்புப் புகையிரதங்கள் ஓடுகின்றன. அவற்றில் இடம்பிடிப்பது எளிதன்று. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இரத்தினகிரி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,120க்கு மேற்பட்ட பெண்கள் வாழ்ந்தனர்.